பதினேழு வயது விரல்

தோங்யோங் துறையில் சிப்பி உடைக்கும் கொட்டகை.
வெள்ளி இரவு கூலிப்பெட்டி காணாமல் போனது.
சனி காலை
கருப்புப் பொடியும் அணில்வால் தூரிகையுமாகப்
போலீஸ் வந்தது.

"யாரையும் சந்தேகப்படவில்லை" என்றார் கான்ஸ்டபிள் பியோன்.
"உங்கள் ரேகைகளைக் கழித்துவிட்டால்
மிச்சம் இருப்பவன் திருடன்."
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
இருபத்தொரு பெண்கள் வரிசையில் நின்றோம்,
கழிபட.

கண்ணாடியின் மேல் பச்சை வெளிச்சம் ஓடியது.
மீண்டும் வையுங்கள் என்றது எந்திரம்.
துடைத்துவிட்டு வைத்தேன்.
மீண்டும் வையுங்கள்.
ஊதிவிட்டு வைத்தேன்.
பியோன் என் கட்டைவிரலைத் தானே பிடித்து அழுத்தினார்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
நான் எங்கோ ஒளித்து வைத்திருப்பதைப் போல.

இருபத்தாறு வருஷம் சிப்பி, தம்பி.
கையுறை போட்டால் வேகம் குறையும்,
கிலோவுக்குத்தான் கூலி.
என் ரேகையெல்லாம் உப்புத் தண்ணீரில் கரைந்து
யார் யார் சூப்பிலோ போயிருக்கும்.
கைநாட்டு வைக்கவும் வழியில்லாதவள் நான்.
பின்னால் நின்ற சோக்-ரை சிரித்தாள்.
அவளுக்கும் வரவில்லை.
அடுத்தவளுக்குப் பாதி வந்தது.

கொட்டகையில் சுழியும் வளையுமாகச்
சுத்தமான விரல் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்:
முதலாளி நாம்குங்,
சம்பள நாளில் மட்டும் வரும் அவர் மருமகன்.
நாங்கள் எதுவும் சொல்லவில்லை.
எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தோம், அவ்வளவுதான்.

"கவலை வேண்டாம்" என்றார் பியோன்.
"உங்கள் பத்து விரலும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.
அடையாள அட்டைக்காகப் பதினேழு வயதில் கொடுத்திருப்பீர்களே."

கொடுத்தேன்.
மார்ச் மாதம். அலுவலகத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு.
குமாஸ்தா ஒருவன் விரல் விரலாக
மையில் உருட்டி அட்டையில் உருட்டினான்,
எலும்பில்லாத எதையோ கையாள்வதுபோல.
மை போக மூன்று நாள்.
பேருந்துக் கம்பி, பாட நோட்டு, தங்கையின் காலர்,
போன இடமெல்லாம் நான் விழுந்துகொண்டே இருந்தேன்.
அப்புறம் அதை நான் மறந்துவிட்டேன்.
அது என்னை மறக்கவில்லை போலிருக்கிறது.

அப்படியானால்
என்னிடம் இல்லாத விரல்
அவர்களிடம் இருக்கிறது.
தழும்பு விழாத, கத்தி தெரியாத,
யாருக்கும் இன்னும் சோறு ஊட்டாத விரல்,
சியோலில் ஏதோ ஓர் இரும்பு அலமாரியில்.

"ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டேன்.
பியோன் சிரிக்கவில்லை.
"அது தனிப்பட்ட தகவல், அம்மா. யாருக்கும் காட்ட முடியாது."
"என்னுடையதுதானே?"
"உங்களுடையதுதான் என்பதற்கு
விரலை வைக்க வேண்டும்."
எந்திரம் அவர் கையில் பச்சையாகக் காத்திருந்தது.

வீட்டில் கி-வோன்.
பதினேழு முடிந்து ஐந்து மாதம்.
அலுவலகக் கடிதம் இரண்டாம் முறை வந்து
குளிர்பெட்டிமேல் கிடக்கிறது, பிரிக்காமல்.
தரமாட்டானாம்.
குற்றம் செய்தவனிடம் கேட்பதைப்
பிறந்தவனிடமெல்லாம் கேட்கலாமா என்கிறான்.
அட்டை இல்லாமல் வங்கி இல்லையடா, வேலை இல்லையடா என்றால்
அதைத்தானே நானும் சொல்கிறேன் என்கிறான்.

போன வருஷம் படகு கவிழ்ந்து
பன்னிரண்டாம் நாள் கிடைத்த ஹ்யோன்-தேயை
அவன் பெண்டாட்டியிடம் சேர்த்தது
முகமல்ல, வலது சுட்டுவிரல்.
அதைச் சொன்னேன் ஒருநாள்.
வெகுநேரம் கழித்து,
"செத்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும்" என்றான்.
"எதோடு ஒப்பிட?" என்றேன்.
சோறு ஆறியது.

இன்றைக்கு நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தான்.
பிறகு போன் வெளிச்சத்தில்
என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஒன்றுமே இல்லையேம்மா."
பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்தான்.
சுழி. அதன் நடுவே ஒரு வெட்டு,
ஆறு வயதில் என் கத்தியை எடுத்துச் சிப்பி திறக்கப்போனது.
கட்டுப்போட்டவள் நான்.
அந்த வெட்டு இன்னும் எந்த அட்டையிலும் இல்லை.

பெட்டி கிடைக்கவில்லை.
மேஜையெங்கும் முதலாளியின் ரேகைதானாம்;
அது இயல்புதான் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கடிதத்தை எடுத்து அவன் தட்டருகே வைத்தேன்.
பிறகு எடுத்துத் திரும்ப மேலே வைத்தேன்.
உறையில் நான் பிடித்த இடம்
ஈரமாக இருந்தது,
ஒரு கோடும் இல்லாமல்.