இரண்டாவது கூடை

முதல் கூடை காயுது,
இரண்டாவதுக்குத்தான் நெருப்பு வரல என்றார்
பகாவ் தாமான் வீட்டுப் பவளக்கொடி.
கேஸ் தோங் புதுசு.
மழை நான்கு நாளாய்.
செம்பனை ஆலைக்குப் போகும் மகனின் சட்டை
நாற்காலி முதுகில்
எண்ணெய் வீச்சத்தோடு ஈரமாய்.

கீழ்த்தகட்டைக் கழற்றிப் படுத்துப் பார்த்தேன்.
பற்றவைப்பான் சிவந்தது.
வால்வு டிக்கென்று சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
சிவப்பு தானே அணைந்தது.

காயில்தான் அக்கா.
சூடேறினா வேலைய விட்டுடும்,
ஆறினா ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"எங்க வீட்டுக்காரரு" என்றார்,
சிரிக்கவில்லை.

மாற்றினேன்.
டிக்.
நீலமாய் ஒரு மூச்சு.

பணத்தை நீட்டினார்.
இருங்க என்றேன்.
கொப்பி-ஓ ஆறும் வரை
இருவரும் உட்கார்ந்திருந்தோம்
இரண்டாவது கூடைக்காக.