மிச்சம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை உக்கடம்.
மிக்ஸி ஜாருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில்
சாக்கின்மேல் நான்கு கேமராக்கள்
மல்லாந்து கிடந்தன.

மூன்று பேர் சேர்த்தது ஆயிரத்து நூறு.
அதில் திருப்பூருக்குத் திரும்பும் பஸ் காசை
என் சாக்ஸுக்குள் ஒளித்திருந்தேன்.
எங்களை எனக்குத் தெரியும்.

முதலாவது பளபளத்தது.
பேட்டரி மூடியைக் கழற்றினால்
பச்சையாக உப்புப் பூத்திருந்தது.
"வெள்ளிக் கலர்ல அழகா இருக்குது" என்றாள் நிவேதிகா.
அழகைக் கழுத்தில் மாட்டலாம், படம் பிடிக்க முடியாது.

இரண்டாவது எல்லாவற்றையும் தானே செய்யும்;
கெட்டுப்போனால் எதையுமே செய்யாது.

மூன்றாவதன் லென்ஸுக்குள்
தர்னீஷ் போன் டார்ச்சை அடித்தான்.
ஓரத்தில் ஒரு வெள்ளை நூல்,
அதிலிருந்து கிளைத்து இன்னொரு நூல்.
பூஞ்சை. கீழே வைத்தோம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவளின் மகள் நான்.
டியூப் லைட்டுக்கு எதிரே துணியை விரித்து
ஊசிமுனை ஓட்டையைப் பிடிப்பது
எனக்குச் சோறு தின்பது மாதிரி.
இந்த வகைக் கேமராவின் ஷட்டரும் துணிதான்,
கறுப்புத் துணி.
கதவைத் திறந்து வானத்துக்கு நேரே பிடித்தால்
ஓட்டை நட்சத்திரமாட்டம் தெரியும்.

நான்காவது கனத்தது.
பேட்டரி இல்லாமலே டக் என்றது.
ஒரு செகண்டில் வைத்து மனசுக்குள் எண்ணினேன்,
சரியாக முடிந்தது.
மீட்டர் முள் அசையவில்லை.
எங்கள் ஊர் வெயிலுக்கு முள் எதற்கு.

பின்கதவுக்குப் போன கையை
தர்னீஷ் பிடித்துக்கொண்டான்.
"நம்பரைப் பாரு."

பத்தொன்பது.
சுருட்டும் பிடியை லேசாகத் திருப்பினால்
உள்ளிருந்து ஏதோ
விடமாட்டேன் என்றது.

திறந்தால் யாரோ எடுத்த பத்தொன்பதும் வெளுத்துவிடும்.
சுருட்டிவிட்டுத் திறந்தால்,
முப்பத்தாறு ரோல் என்றால், பதினேழு வீண்.
புது ரோலோ இந்தக் கேமராவைவிட விலை.
திறக்காவிட்டால் ஓட்டை தெரியாது.

"கதவு சிக்கிருச்சா கண்ணு? ஒரு தட்டுத் தட்டு" என்றார்
கடைக்கார ரஹ்மத்துல்லா.
"வேண்டாங்ணா, உள்ள ரோல் இருக்குதுங்."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப அதுக்கொரு நூறு சேத்திக் குடு."

யாருடையது என்று கேட்டோம்.
சூலூர்ப் பக்கம். வீடு காலி பண்ணும்போது
பித்தளைப் பாத்திரத்தோடு வந்ததாம்.
பேர் தெரியாதாம்.

எண்ணூற்று ஐம்பதுக்கு முடிந்தது.
பார்க்காமலே ஒரு பீஸைப் பாஸ் பண்ணிவிட்டேன்,
அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

பதினேழை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு ஐந்து,
மிச்சம் இரண்டு.
அந்த இரண்டு யாருக்கு என்று
சிங்காநல்லூரில் தொடங்கியது சண்டை.

சூலூரில் பஸ் நின்றது.
நிவேதிகா எங்களைக் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே திருப்பினாள். டக்.
ஒரு மருந்துக்கடை, சாய்த்து நிறுத்திய ஸ்கூட்டி,
எதிர்வெயில்.
"என்ற கணக்குல எழுதாதே" என்றாள்,
"இது அவங்களோடது."

நம்பர் இருபது.
இனி மிச்சம் ஒன்றுதான்.
பல்லடம் வந்தும்
அது தீரவில்லை.