கைப்பிடி

முதல் வரைபடத்தில் கைப்பிடி இல்லை.
விமான நிலையத்தார் ஒரே வரியில் எழுதினார்கள்:
யாரும் படுக்கக் கூடாது.
ஐம்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாய்
பீச் மரத்தை வளைத்தாள் சுன்னிவா.
என்ன அழகு என்றது நடுவர் குழு.
பரிசுப் பணம்தான் பெர்கன் ஸ்டூடியோவின் முதல் வாடகை.

பதினோரு வருடம் கழித்து
ட்ரோம்சோவில் பனி. விமானங்கள் ரத்து.
மீன் ஆலைக்கு வந்த லிதுவேனியர்
எப்படி மடங்கினாலும் விலா இடிக்க
தன் மொழியில் யாரையோ திட்டுகிறார்.
யாரை என்று அவளுக்குத் தெரியும்.

கோட்டை விரித்துத் தரையில் படுக்கிறாள்.
மேலே, பெஞ்சின் அடிவயிற்றில்
யாரோ ஒட்டிய சூயிங்கம்,
அவள் தேர்ந்தெடுத்த திருகாணிகள்.
பத்து குரோன் நாணயம் அந்தப் பள்ளத்தில் பொருந்தும்.
பையில் அட்டைகள் மட்டும்.

எழுந்து போய் அவரிடம்
சைகையால் கேட்கிறாள்:
சில்லறை இருக்கிறதா?