ஆறு விரல்

ஏழாம் பாகத்தில் அந்தப் பையனின் முழங்காலைப் பிளந்துகொண்டு
ஒரு ரயில்வே கேட் முளைக்கிறது.
மஞ்சள் கறுப்புப் பட்டை, மணி, இரண்டு சிவப்பு விளக்கு.
வகுப்பே எழுந்து நின்று
ரயில் போகட்டும் என்று காத்திருக்கிறது.
வரவில்லை.
கணக்கு டீச்சர் மட்டும் குனிந்து, கேட்டுக்கு அடியில் நுழைந்து
போயே விடுகிறாள்.

முரோரானில் அப்போது இரவு மணி ஒன்றே முக்கால்.
அப்பாவுக்கு உருக்காலையில் ராத்திரி ஷிஃப்ட்.
டிவி சத்தத்தை ஒன்றில் வைத்து
திரைக்கு ஒரு சாண் தள்ளி நான்.
எனக்கும் முழங்கால் வலித்தது.
வளருகிற வலி என்றார் மருந்துக்கடை ஓகினோ,
ஒட்டுப் பிளாஸ்திரி தந்து நூற்றெண்பது யென் வாங்கிக்கொண்டு.

கதை புரிந்ததா என்று கேட்காதீர்கள்.
பக்கத்து வீட்டுப் பெண் தன் நிழலைச் சுருட்டி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீச்சல் வகுப்புக்குப் போகிறாள்.
அவள் சிரித்தால் ஊரின் நிறமெல்லாம் வடிந்து
சாக்கடையில் ஓடுகிறது.
மிஞ்சுவது பென்சில் கோடு.
பிறகு கோடும் போய்
தாள்.
தாளின் மேல் யாரோ வைத்த டீ கோப்பையின் வட்டம்.

இதற்கு நான் ஏன் அழுதேன்?

டேப்பைப் பின்னால் ஓட்டி
பையன் கேட்டைப் பிடித்துத் தள்ளும் இடத்தில் நிறுத்தினேன்.
திரையின் குறுக்கே வெள்ளைப் பூச்சி இரைச்சல்.
அதற்கு மேலே அவன் கை.
எண்ணினேன்: ஆறு விரல்.
முன் படத்தில் ஐந்து. பின் படத்தில் ஐந்து.
நொடியின் எட்டில் ஒரு பங்குக்கு மட்டும் ஆறு.
டோக்கியோவில் ஏதோ ஒரு மேசையில்
விடிகிற நேரத்தில்
தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒரு விரல் கூடப் போட்டிருக்கிறார்கள்.
அதை யாரும் அழிக்கவில்லை.
அது வானலையில் ஏறி
கடலைத் தாண்டி
உருக்காலைப் புகைக்குள் நுழைந்து
என்னிடம் வந்திருக்கிறது.

கயானோவிடம் டேப்பைக் கொடுத்தேன்.
அவள் வீட்டில் யாரோ அதன் மேல்
வாலிபால் மேட்ச் பதிவு செய்துவிட்டார்கள்.
இரண்டு செட், பிறகு குளிர்பான விளம்பரம்,
பிறகு கடைசி நாற்பது விநாடி மட்டும் என் பையன்:
முதுகு காட்டி நடக்கிறான்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். நான்
பரவாயில்லை என்று சொன்னபோது
குரல் பாதியில் உடைந்து
வேறு எவனோ முடித்து வைத்தான்.
அவள் சிரிக்கவில்லை.
"அதற்கு முன்னாடியே பார்த்துட்டேன்," என்றாள்,
"அந்தக் கை."

போகோய் ஸ்டேஷன் பக்கம் கேட் இறங்கியது.
மணி. சிவப்பு.
ஒற்றைப் பெட்டி ரயில், உள்ளே தூங்கும் இரண்டு பேர்,
ஒரு வெங்காயத் தாள் கட்டு.
கயானோ கம்பியில் கை வைத்து நின்றாள்.
எண்ணினேன்.
ஐந்துதான்.

இன்னொரு தடவை எண்ணினேன்.