எந்த மாதம் வரலாம்

இரவு பதினொன்றே காலுக்கு லாட்ஜ் போன் அடித்தது.
துப்ரியிலிருந்து பேசுகிறேன் தாதா, என்றார்.
அவர்கள் பாஷையில் அண்ணன்.
எங்கள் ஊரில் தாதா என்றால் வேறு தொழில்.
பதினாறு வருஷத்தில் பழகிவிட்டது.
பெயர் ஹேமந்த பர்மன். மனைவியோடு வரவேண்டும்.
வேலூருக்கு வர நல்ல மாதம் எது?

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
வாடகை கேட்பார்கள். மீன் கிடைக்குமா,
கடுகெண்ணெய் கிடைக்குமா,
ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை நிமிஷம்,
லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.
மார்கழியில் வாங்க, என்றேன்
அரைகுறை வங்காளத்தில்.
விடியலில் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால்
மலைகள் போர்வையை விட்டு எழுந்திருக்காது.
டீக்கடைக்காரர் மஃப்ளர் சுற்றியிருப்பார்.
இதைக் குளிர் என்று நாங்கள் நம்புவதைப் பார்த்து
நீங்கள் சிரிக்கலாம்.
தை பிறந்தால் அணைக்கட்டுப் பக்கம் காளை விடுவார்கள்,
யார் வீட்டு மாடியிலாவது நின்று பாருங்கள்.
ஐப்பசி வேண்டாம்.
வங்கக்கடலில் ஒரு புயல் தும்மினால்
எங்கள் தெருக்களுக்கு முட்டி வரை ஜலதோஷம்.
ஆடி பரவாயில்லை. காற்று உண்டு,
தெருவுக்கு ஒரு அம்மன், அம்மனுக்கு நாலு ஸ்பீக்கர்,
தூக்கம்தான் கிடையாது.
எப்போது வந்தாலும்
சித்திரைக் கடைசியில் மட்டும் வந்துவிடாதீர்கள்.
கத்திரி வெயில்.
குழாயைத் திறந்தால் நேராக டீத்தூள் போடலாம்.
நாய்கள் ஏடிஎம்முக்குள் படுத்திருக்கும்.

மறுமுனையில் கொஞ்ச நேரம்
ஃபேன் சத்தம் மட்டும்.

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார் தாதா, என்றார்.
மே பதினொன்று.
அவள் துப்ரியைத் தாண்டினவள் இல்லை.
ஆஸ்பத்திரி அரை நாள்தான்,
மிச்சமெல்லாம் டூர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
ஸ்பீக்கரில் போடுகிறேன்.
மே மாதத்தில் அங்கே என்ன நன்றாக இருக்கும் என்று
அவளிடமே சொல்லுங்களேன்.

காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.
மே மாதத்தாளில் ஒரு நகைக்கடையும்
முப்பத்தோரு கட்டங்களும் இருந்தன.

நுங்கு, என்றேன்.
அப்படியென்றால்?
பனங்காய்க்குள்ளே, மூன்று கண்,
வழுவழுவென்று, உள்ளே தண்ணீர்...
தாலஷாஷ்! என்றது பெண்குரல். இங்கேயும் உண்டே.

தோற்றுக்கொண்டிருந்தேன்.
முள்ளுக் கத்திரிக்காய், என்றேன்.
காம்பெல்லாம் முள், உள்ளே வெண்ணெய்.
அது உங்களிடம் இருக்காது.
ராத்திரி மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து
பாய் போட்டுத் தருகிறேன்.
ரெண்டு மணிக்கு மேல் கோட்டை அகழிப் பக்கமிருந்து
ஒரு காற்று வரும். ஒன்றே ஒன்று.
அதற்காக விழித்திருக்கலாம்.
அப்புறம் ஏதாவது ஒரு சாயங்காலம்
சொல்லாமல் கொள்ளாமல் இடி இடிக்கும்.
பத்தே நிமிஷ மழை.
இந்தத் தெருவே கடையைப் போட்டது போட்டபடி விட்டு
வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கும்.
தலையில் துணி கட்டின உங்கள் ஊர்க்காரர்கள்கூட
கையில் ஸ்கேன் கவரோடு வந்து நிற்பார்கள்.

ஆறு இருக்கிறதா, என்று கேட்டாள்.
பிரம்மபுத்திராவின் கரையிலிருந்து கேட்கிறாள்.

இருக்கிறது, என்றேன். பெரிய ஆறு.
மே மாதம்தான் அதற்கு நல்ல மாதம்.
செருப்பு நனையாமல் அக்கரைக்கு நடந்துபோய்
ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி,
இருமல் அடங்க நேரமாகி,
ஆற்றை நடந்தா? என்றாள்.
எங்கள் ஆற்றில் அக்கரையே சரியாகக் கண்ணுக்குத் தெரியாது.
அதைப் பார்க்கவாவது வரவேண்டும்.

மே ஒன்பது, இரண்டு பேர் என்று லெட்ஜரில் எழுதினேன்.
இருநூற்று நாலு மேற்குப் பார்த்த அறை,
அதை அடித்துவிட்டு நூற்று ஆறு.
பாலாற்று மணலில் இறங்க
எந்தப் பக்கம் வழி என்று
ஆட்டோ ஸ்டாண்டு மஸ்தானிடம் காலையில் கேட்க வேண்டும்.
நானும் கடந்ததெல்லாம் பாலத்தில்தான்.