தீவனக் கணக்கு

கோட்டையைத் துரைமார் பார்த்துக்கொள்வார்கள்.
எனக்கு மாடு.
ஆம்பூரில் எண்ணும்போது நாலாயிரத்துச் சொச்சம்.
மொகிலிக் கணவாய் ஏறி இறங்கியதும்
வாலைப் பிடித்து எண்ணினாலும் மூவாயிரம் தேறவில்லை.
செத்ததற்கு ஒரு கோடு,
சாகப்போவதற்கு ஒரு புள்ளி.
புள்ளியைக் கோடாக்குவதுதான்
விடிந்ததும் என் முதல் வேலை.

பெங்களூர்ப் பேட்டை விழுந்த அன்று
முள்வேலி தாண்டி உள்ளே போனோம்.
அகழியில் கிடந்தவர்களை நான் எண்ணவில்லை;
அது வேறு கணக்கப்பிள்ளையின் ஏடு.
கடைகளில் பஞ்சுப் பொதி, பாக்கு, மஞ்சள்,
புல் மட்டும் ஒரு பிடி இல்லை.
பீரங்கி இழுக்கும் காளை ஒன்று
பட்டுச்சேலையை மோந்து பார்த்துத்
தலையைத் திருப்பிக்கொண்டது.

குத்தகைக்கார வெங்கோபராயர் அண்ணாந்து பார்த்தார்.
"கூரை" என்றார்.

அன்று முதல் ஊரைத் தலையிலிருந்து தின்றோம்.
புகை குடித்துக் கறுத்த வைக்கோல்
கட்டுக்கட்டாய்த் தெருவில் விழுந்தது,
குருவிக் கூட்டோடு, யாரோ ஒளித்துவைத்த
ஒற்றைக் கொலுசோடு.
மாடுகள் கண்மூடி மென்றன.
அந்தப் பக்கம் கோட்டை மதிலைப்
பதினெட்டு ராத்தல் குண்டு மென்றுகொண்டிருந்தது.

மேற்குத் தெருவில் ஒருத்தி மட்டும் ஓடிப்போகவில்லை.
தோட்டக்காரி. பெயர் முனிலக்கா.
திட்டுவாள் என்று நின்றேன். திட்டினாள்,
என் பாஷையில்.
எங்கள் ஊரில் செத்துப்போன சொல் இரண்டு
அவள் வாயில் உயிரோடு இருந்தது.
"எத்தினி கட்டு எடுத்தீங்க, எழுது."
எழுதினேன். பதினேழு.
"எம் பேரு எழுது."
அதற்கு ஏட்டில் இடமில்லை என்றேன்.
"அப்ப தின்ன மாட்டும் பேரை எழுது."
மாட்டுக்கும் பேர் இல்லை,
தொடையில் கும்பினிச் சூடுதான்.

நிலா காய்ந்த ராத்திரி கோட்டை விழுந்தது.
சாராயம் ஆளுக்கு இரண்டு முறை.
காலையில் ராயர் என் ஏட்டை வாங்கித்
தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்:
வைக்கோல், விலைக்கு வாங்கிய வகையில்,
கட்டு ஒன்பதாயிரத்து நாற்பது.
கும்பினி பணம் கொடுத்தது.
அதில் எனக்கு நாலு வராகன்.
வாங்கிக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் சீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பினோம்.
அந்த ஊரில் கோடைமழை மத்தியானம் திரண்டு
கல்லோடு இறங்குகிறது.
மேற்குத் தெரு வழியாகத்தான் பாதை.
நாலு சுவர், நடுவில் அடுப்பு,
அடுப்புக்கு மேல் முறத்தைப் பிடித்தபடி அவள்.
குனிந்த முதுகில் கல் விழுந்துகொண்டிருந்தது.
நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.
இரண்டாயிரத்துப் பதினொன்றாவது மாடு
அவள் வாசலில் நின்று
சுவருக்கு மேலே நிமிர்ந்து பார்த்தது,
மிச்சம் இருக்கிறதா என்று.