கிராணியின் லீவு

தேர்தல் நாளில் எனக்கு வயது
பதினேழு வருடம், பதினோரு மாதம், இருபத்தாறு நாள்.
நான்கு நாள் பொறுத்திருந்தால் எனக்கும் ஓட்டு.
நாடாளுமன்றத்தைக் கலைத்தவர்கள்
என் பிறந்தநாளைக் கேட்டுவிட்டா கலைத்தார்கள்?

செந்தூலில், சலவைக்கடை மாடியில் நடவடிக்கை அறை.
பள்ளிச் சீருடையோடு போய் நாற்காலி அடுக்கினேன்,
பதாகை கட்டினேன்,
துண்டறிக்கைக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்:
இங்கே பிறந்தவர்களுக்கு இங்கே குடியுரிமை.
அச்சுக்குப் போகுமுன் அதை அடித்தவர் யுகேந்திரன் அண்ணன்.
நல்லவர். தினமும் எனக்கு நாசி லெமாக் வாங்கித் தந்தவர்.
"சிவப்பு ஐசிக்கு ஓட்டில்லை தங்கச்சி,
இடம் வேற பத்தல."
அச்சாகி வந்த தாளின் அடியில்
நான்கு விரல் அகலம் வெள்ளையாகக் கிடந்தது.

அம்மா பிறந்தது தஞ்சோங் மாலிம் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தில்.
அன்று கிராணி லீவாம்.
மறுநாள் மழையாம்.
அப்புறம் தாத்தா மறந்துவிட்டாராம்.
ஐம்பத்தொரு வருடமாக
அந்த ஒரு லீவு முடியவில்லை.
ஐந்து முறை விண்ணப்பம்.
ஐந்து முறையும் ஒரே கடிதம்,
வருத்தம் உண்டு, காரணம் இல்லை.

அன்றிரவு பொருளியல் புத்தகத்தை மூடினேன்.
முந்நூற்று நாற்பது தாளிலும், அந்த வெள்ளையில்,
தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை:
என் அம்மா இங்கேதான் பிறந்தார்.
கீழே என் தொலைபேசி எண்.
மூன்று பேனா தீர்ந்தது.
விடியற்காலைத் தாள்களில் எழுத்து சரிந்து
அம்மாவுக்குப் புள்ளியே இல்லை.

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் ஒன்று செத்து ஒரு வருடம்.
இன்னொன்று ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும்.
பதினேழிலிருந்து இறங்கிக்கொண்டே கொடுத்தேன்.
ஒன்பதில் சியூ லான் ஆண்ட்டி
நாயைக் காலால் தடுத்தபடி வாங்கிக்கொண்டார்.
நான்கில் ரோஸ்லி பாக்சிக்
கண்ணாடி தேடிப் போட்டு மெதுவாகப் படித்தார்.
"அச்சடித்தது தெரிகிறது. இது யார்?"
"நான்."
வேறொன்றும் கேட்கவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
பக்கத்தில் அவருடைய நீல அட்டை.

தேர்தலன்று பள்ளி வாசலுக்கு வெளியே நின்று
யார் எந்த வரிசை என்று போனில் தேடிச் சொன்னேன்.
வயதானவர்களுக்கு முதல் வகுப்பறை, இளையவர்களுக்குக் கடைசி.
பிப்ரவரியில் பிறந்த என் தோழி
கடைசி வரிசையில் நின்று கையாட்டினாள்.
நானும் ஆட்டினேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் ஆள் ஜெயித்தார்.
லிஃப்ட் இன்றும் ஒற்றைப்படை மாடிகளில்தான் நிற்கிறது.

ஆனால் போன் வந்தது.
முதலில் கெப்போங்கிலிருந்து ஒரு கிழவர்,
"யாரைப் பார்க்கணும் பாப்பா?"
எனக்குத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை வாங்க, இருக்கிற காகிதத்தையெல்லாம் கொண்டுவாங்க
என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்.

கீழ்த்தளத்துப் பேட்மிண்டன் கோர்ட்டில் ஒரு மேசை.
பதினொரு பேர், பதினொரு பிளாஸ்டிக் பை.
தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு,
ஆயாக் கொட்டகையில் எடுத்த, பாதி கரையான் தின்ற படம்.
ஒருவர் வெறுங்கையோடு வந்து
லயத்து வீட்டின் எண்ணை மட்டும் சொன்னார்.
சட்டம் எனக்கு இன்னும் பாடமில்லை.
555 புத்தகத்தில் பெயர், ஊர், வருடம் எழுதினேன்.
அதற்கு மேல் என்ன எழுதுவதென்று
வழக்கறிஞர் ஒருவரைத் தேட வேண்டும்.

எல்லோருக்கும் தேநீர் கொடுத்து முடித்து
ஆஸ்பத்திரி துடைக்கும் வேலைச் சட்டையோடு
வரிசையின் கடைசியில் வந்து நின்றார் அம்மா.
"பேரு?" என்றேன்.
சிவபாக்கியம், த/பெ அரிகிருஷ்ணன்.
என்னைப் பார்க்கவில்லை.
புத்தகத்தையே பார்த்தார்.
நான் எழுதி முடித்ததும்
விரல் வைத்துக் காட்டினார்:
"'ன்' விட்டுப்போச்சு பார்."